செபஸ்தியின் சாப்பாடு

“இந்தப் படிப்பு எனக்கு உதவல டீச்சர். நாளையிலருந்து நின்னுக்கிறேன்.”

வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு இருதயராஜ் இதைச் சொன்னார்.

மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். உணவு, ஊட்டச்சத்து அடிப்படைச் சான்றிதழ் வகுப்பில் அவர்தான் வயதில் மூத்தவர். பாடம் நடத்தும் வைதேகிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

“பரீட்சைக்குப் பயமா சார்?”

“பரீட்சையா? எதை வேணா கேளுங்க, சொல்றேன். நான் என்ன வேலைக்குப் போகவா படிக்க வந்தேன்? செபஸ்திக்காக வந்தேன்.”

செபஸ்தி அவர் மனைவி. ரத்த அழுத்தம் ஏறி ஒரு பக்கம் கை கால் விழுந்து, இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறாள். உப்பு கூடவே கூடாது, குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டித்திருந்தார்.

“பாடத்துல உள்ளபடியே சமைக்கிறேன். பருப்பு, கீரை, காய் எல்லாம் அளவா. ரெண்டு வாய் வச்சுட்டுப் போதுங்கிறா. ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. பாடத்துலதான் எங்கயோ தப்பிருக்கு டீச்சர்.”

“நாளைக்கு அந்தச் சாப்பாட்டையே எடுத்துட்டு வாங்க சார்.”

மறுநாள் கொண்டுவந்தார். வைதேகி அதைத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

“சாப்பிடுங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“கீரையை ஒதுக்காதீங்க. நல்லா மெல்லுங்க. ம், இன்னொரு வாய். உடம்புக்கு நல்லது.”

அவருக்குச் சோறு தொண்டையிலேயே நின்றது.

“இப்படித் தலைக்கு மேல நின்னா எப்படி டீச்சர் இறங்கும்?”

அவள் இன்னொரு தட்டை எடுத்தாள். அதே சோறு, அதே கீரை. எதிரே உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். முகம் சுளித்தது.

“சப்புன்னுதான் இருக்கு,” என்றாள். பிறகு, “கம்பத்து மேல நின்னா எதுவரைக்கும் சார் தெரியும்?”

இருதயராஜ் சொல்ல ஆரம்பித்தார். மழை விட்ட காலையில் சிறுமலை எப்படித் தெரியும், எந்தத் தெருவில் யார் மாடியில் வடகம் காயும், எந்தக் காக்கை அவர் தலையைக் கொத்த வரும். சொல்லி முடித்துக் குனிந்தபோது அவர் தட்டு காலி.

“வீட்டுல நீங்க எங்க சார் சாப்பிடுவீங்க?”

அவர் காலித் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

செபஸ்திக்குக் கொடுத்து முடித்ததும் அவர் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வார். தனியாக வைத்த கருவாட்டுக் குழம்பை நின்றுகொண்டே சாப்பிடுவார். பார்த்தால் அவளுக்கு ஆசை வந்துவிடுமே என்றுதான்.

அன்று வீட்டில் ஒரே பானையிலிருந்து இருவருக்கும் போட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

செபஸ்தி அவரையே பார்த்தாள்.

“உங்க கருவாட்டுக் குழம்பு?”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“தெரியுமா உனக்கு?”

“கதவைச் சாத்தினா வாசனை நின்னுருமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வாய் எடுத்துப் போட்டார்.

“எப்படி இருக்கு?” என்றாள்.

“வாயில வைக்க முடியல.”

செபஸ்தியின் முகம் மலர்ந்தது.

“அப்பாடா! எனக்குத்தான் கை கால் மாதிரி நாக்கும் செத்துப்போச்சோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்,” என்றாள். “சரி, போடுங்க சோத்தை.”