அலை ஏன் வெறுங்கையோடு வருகிறது?

முதலில் ஒரு விடுகதை. கரைக்குக் கரை ஓடுவாள், கையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொண்டுவர மாட்டாள். எதிரே இன்னொருத்தி வந்தால் விலக மாட்டாள், இடிக்கவும் மாட்டாள். அவள் யார்?

அலை என்று சொன்னவர்கள் சரியாகச் சொன்னீர்கள். சந்தேகம் இருப்பவர்கள் குளத்தில் மிதக்கும் ஒரு காய்ந்த இலைக்குப் பக்கத்தில் சின்னக் கல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அலை வளையம் வளையமாகக் கரைவரை வரும். இலை எழும், தாழும், ஆனால் இருந்த இடத்தில்தான் இருக்கும். காற்று அடித்தால் இலை நகரும். அது காற்றின் வேலை, அலையின் வேலை அல்ல.

ஆனால் அலைகள் எப்போதும் இப்படி இருக்கவில்லை.

பறவையும் ஆமையும் தண்ணீரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நெடுங்கரை ஏரி என்று ஓர் ஏரி இருந்தது. அங்கே அலைகள் சுமை தூக்கின. மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போக வேண்டியவர்கள் ஓர் அலையின் முதுகில் ஏறிக்கொண்டால் போதும். வாத்துகள் குடும்பத்தோடு போய் வந்தன. தவளைகள் காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு மாலையில் வயிற்றைத் தடவிக்கொண்டே திரும்பின.

அலைகள் ஏறியவர்களை மட்டும் சுமக்கவில்லை. காலடியில் இருந்த தண்ணீரையும் அள்ளிக்கொண்டு போயின. காலையில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அங்கே போய்ச் சேர்ந்ததும், கொண்டுவந்த தண்ணீரைக் கையில் பிடித்தபடியே ஓய்வெடுக்கும். உச்சிவெயில் சாய்ந்த பிறகு அதே தண்ணீரோடு மேற்கே திரும்பும். ஏரியில் இருந்தது ஒரே வழி. போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே நேரத்தில் அதில் இறங்கக் கூடாது. இதற்காகவே மேற்குக் கரைப் பாறையில் ஆமையார் உட்கார்ந்திருப்பார். அவர் தம் ஓட்டால் பாறையில் ஒருமுறை தட்டினால் கிழக்கே போகலாம். இரண்டு முறை தட்டினால் மேற்கே வரலாம்.

போன தண்ணீரெல்லாம் திரும்பி வந்ததா என்று பார்ப்பது நாரையின் பொறுப்பு. மாலையில் அவர் மேற்குக் கரையில் இறங்கி நிற்பார். தண்ணீர் கால் முட்டைத் தொடும்வரை அலைகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். தொட்டதும் "போதும்" என்பார். அந்த ஒரு சொல்லால் ஏரி இரண்டு பக்கமும் சமமாக இருந்தது.

அந்த ஏரியின் அலைகளிலேயே சின்னவள் அலம்பி. கட்டைவிரல் உயரம்தான் இருப்பாள். அவளிடம் யாரும் பெரிய சுமையைக் கொடுக்க மாட்டார்கள். உதிர்ந்த இறகு, பூ, சில நாள் ஒரு தும்பி. ஆனால் ஒரு பயணி மட்டும் தவறாமல் வருவான். பொட்டு, தாழைக்கோழி என்ற நீர்ப்பறவையின் குஞ்சு. தினமும் காலையில் கிழக்குக் கரையில் இருந்த சித்தி வீட்டுக்கு அலம்பியின் முதுகில்தான் போவான். வழியெல்லாம் ஓயாமல் கேள்வி கேட்பான். அலம்பிக்கு அந்தக் கனம் பிடித்திருந்தது. தன்னை நம்பி ஒருவன் ஏறியிருக்கிறான் என்பதே அவளுக்குப் பெருமை.

அவளுடைய அண்ணன் மொத்தி. ஏரியில் அவனைவிடப் பெரிய அலை கிடையாது. பத்து வாத்துகளை ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்காமல் போவான். தங்கையைச் சீண்டாமல் அவனுக்குப் பொழுது போகாது.

"எல்லாரும் ஒதுங்குங்க, அலம்பி வர்றா. கால் நனைஞ்சிடப் போகுது" என்பான். வாத்துகள் சிரிக்கும். அலம்பியும் சிரித்துக்கொண்டே அவன்மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் நாரை பக்கத்து ஏரியில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மாலை அளவைச் சின்னக் கொக்கிடம் ஒப்படைத்தார். தண்ணீர் கால் முட்டைத் தொட்டதும் போதும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார். கொக்கு அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டது.

அன்று மாலை கொக்கு மேற்குக் கரையில் இறங்கி நிமிர்ந்து நின்றது. அலைகள் வந்தன. பாதித் தண்ணீர் வருவதற்குள்ளேயே கொக்கின் கால் முட்டு நனைந்துவிட்டது. கொக்கு "போதும்" என்றது. அது பொய் சொல்லவில்லை. தண்ணீர் அதன் கால் முட்டைத் தொட்டதும் உண்மை, அதன் கால் நாரையின் காலில் பாதிதான் என்பதும் உண்மை. எந்தக் கால், யாருடைய முட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலை சீக்கிரம் முடிந்ததில் அலைகளுக்குச் சந்தோஷம். மீதித் தண்ணீரைக் கிழக்கிலேயே பிடித்துக்கொண்டு படுத்துவிட்டன.

மறுநாள் காலை ஆமையார் வழக்கம்போல ஒருமுறை தட்டினார். மேற்கில் இருந்த பாதித் தண்ணீரையும் அள்ளிக்கொண்டு அலைகள் கிழக்கே புறப்பட்டன. வெயில் ஏறுவதற்குள் மேற்குக் கரை சேறாகிவிட்டது. நத்தைகள் ஓட்டுக்குள் ஒடுங்கின. கெண்டைக் குஞ்சுகள் ஒரு குழியில் நெருக்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின.

அந்தக் கரையில்தான் கூரன், வெண்ணி என்ற முக்குளிப்பான் பறவைகளின் கூடு மிதந்துகொண்டிருந்தது. பாசியும் தண்டும் சேர்த்துக் கட்டிய கூடு. அதில் நான்கு முட்டைகள். வெண்ணி இரை தேடக் கிழக்கே போயிருந்தாள். கூரன் அடைகாத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் வற்றியதும் கூடு சேற்றில் தட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதுவரை சுற்றிலும் தண்ணீர் இருந்ததால் நடந்து வரும் எதிரிகள் யாரும் கூட்டை நெருங்கியதில்லை. இப்போது கரைமேட்டில் ஒரு கீரி வந்து உட்கார்ந்தது. அது அவசரப்படவில்லை. சேறு இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

கூரன் ஆமையாரைக் கூப்பிட்டுக் கெஞ்சினான். ஆமையார் பாவம், என்ன செய்வார்? பெரிய அலைகள் எல்லாம் கிழக்கே போய்விட்டன. எஞ்சியிருந்த சாண் ஆழத் தண்ணீரில் ஓடக்கூடியவள் அலம்பி ஒருத்திதான். அவள் பொட்டுவை ஏற்றிக்கொண்டு புறப்படப் போன நேரம் அது.

அலம்பி பொட்டுவைக் கரையில் இறக்கிவிட்டாள். சேற்றின் விளிம்புவரை தன்னைத் தேய்த்துக்கொண்டு வந்து கூட்டுக்கு அடியில் நுழைந்தாள். அத்தனை கனத்தை அவள் தூக்கியதே இல்லை. மூன்றாவது முறையில்தான் கூடு அசைந்தது.

"மெதுவா போ பாப்பா" என்றான் கூரன், கூட்டோடு ஒட்டி நீந்தியபடி. "நீ விழுந்தாலும் எழுந்துக்குவே. உள்ள இருக்கறதுக்கு அது முடியாது."

"பேசாம வாங்க மாமா. பேசினா எனக்கு எண்ணிக்கை தப்பிடும்" என்றாள் அலம்பி. ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டே, தண்ணீர் இருந்த கிழக்கை நோக்கிப் போனாள்.

கிழக்குக் கரையில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. மேற்கே தண்ணீர் வற்றிவிட்டது என்று அப்போதுதான் வந்திறங்கிய வாத்துகள் சொல்ல, வெண்ணி பதறிப்போனாள். ஓய்வெடுத்துக்கொண்டிருந்த மொத்தியிடம் ஓடினாள். இரண்டு தட்டு இன்னும் கேட்கவில்லை. அதற்கு முன் வழியில் இறங்கக் கூடாது என்று மொத்திக்குத் தெரியும். ஆனாலும் கேலி பேசும் வாய்தானே அவனுக்கு, மனசு அப்படி இல்லை. கிழக்கில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு, வெண்ணியை உச்சியில் ஏற்றிக்கொண்டு, மேற்கே பாய்ந்தான்.

இருவரும் காப்பாற்றப் புறப்பட்டது அதே நான்கு முட்டைகளைத்தான். நடு ஏரியில் எதிரெதிரே வந்தார்கள்.

அலம்பிதான் முதலில் பார்த்தாள். வானத்தை மறைத்துக்கொண்டு அண்ணன் வந்துகொண்டிருந்தான். விலகலாம் என்றால் கூட்டோடு அவளால் திரும்ப முடியாது. நிற்கலாம் என்றால் ஓடும் அலையால் நிற்கவே முடியாது. அவன் சுமந்துவரும் தண்ணீர் அவள் சுமக்கும் தண்ணீரின்மேல் விழுந்தால் கூடு தூளாகிவிடும்.

"அண்ணா, இறக்கு" என்று கத்தினாள். "எல்லாத்தையும் இறக்கி வை. தண்ணியையும்."

தண்ணீரை இறக்கிவிட்டால் அலையிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று மொத்திக்குப் புரியவில்லை. அதற்கு முன் எந்த அலையும் அதைச் செய்து பார்த்ததில்லை. தங்கையின் குரலை மட்டும் நம்பி, பிடித்திருந்த தண்ணீரை விட்டான். அதே கணத்தில் அலம்பியும் கூட்டை விட்டாள், அதைத் தாங்கிய தண்ணீரையும் விட்டாள்.

இருவரிடமும் மிஞ்சியது ஓட்டம் மட்டும்தான்.

ஒரு கணம் இருவரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். அந்த இடத்துத் தண்ணீர், மொத்தியின் உயரமும் அலம்பியின் உயரமும் சேர்ந்த உயரத்துக்கு எழுந்தது. கூடும் அதனோடு எழுந்து சரிந்தது. வெண்ணி சட்டென்று முக்குளித்தாள். பிறகு தண்ணீர் தாழ்ந்தது. மொத்தி மேற்கே போய்க்கொண்டிருந்தான், அலம்பி கிழக்கே போய்க்கொண்டிருந்தாள். ஒருவர் ஒருவருக்குள் புகுந்து வெளியே வந்திருந்தார்கள். மொத்தியின் உயரத்தில் ஒரு விரல் குறையவில்லை. அலம்பியின் மேல் ஒரு கீறல் இல்லை.

கூடு நடு ஏரியில், இறக்கி வைத்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. அதில் மூன்று முட்டைகள் இருந்தன. கூடு சரிந்தபோது ஒன்று உருண்டு ஆழத்துக்குப் போய்விட்டது. வெண்ணி அதைத் தேடி ஏழு முறை முங்கினாள்.

அலம்பி திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினாள். வெறுங்கையோடு ஒரு கரைக்குப் போவது அவளுக்கு அதுதான் முதல்முறை. கிழக்குக் கரைக் கோரைப்புல்லில் போய் மோதினாள். சொல்ல நினைத்ததைச் சொல்ல மூச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆனால் கோரை அசைந்தது. அங்கே இருந்த தாழைக்கோழிகள் எல்லாம், அலை எங்கிருந்து வந்தது என்று தலையைத் தூக்கி நடு ஏரியைப் பார்த்தன. அங்கே தத்தளிக்கும் கூட்டைக் கண்டன. உடனே நீந்திப் போய் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளிக் கரை சேர்த்தன. கூரன் முதல் வேலையாக ஒரு தண்டை வளைத்துக் கூட்டைக் கோரையோடு பின்னிக் கட்டினான்.

அலம்பி அவன் முகத்தைப் பார்க்காமல், நாலில் ஒன்று தன்னால் போய்விட்டது என்றாள்.

கூரன் மூன்று முட்டைகளையும் ஈரப்பாசியால் மூடினான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "போனதுக்கு நானும் வெண்ணியும் அழுதுக்கறோம் அம்மாடி. அது எங்க வேலை. இந்த மூணு இருக்குல்ல, இதுங்க உன்னால இருக்கு."

மாலையில் நாரை திரும்பி வந்தார். கொக்கு தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. நாரை அதைத் திட்டவில்லை. யாருடைய கால் என்று சொல்லாமல் போனது தன் தவறு என்றார். பிறகு மேற்கே இறங்கி அளந்தார். தண்ணீர் அவருடைய கால் முட்டைத் தொட்டது. கிழக்கே அளந்தார். அங்கேயும் முட்டுதான். மொத்தி இறக்கிவைத்த தண்ணீர், யாரும் சுமக்காமல் தானாகவே இரண்டு பக்கமும் பரவிச் சமமாகியிருந்தது. கெண்டைக் குஞ்சுகள் குழியைவிட்டு வெளியே வந்திருந்தன. கீரி எப்போதோ எழுந்து போயிருந்தது.

மேற்குக் கரைப் பாறையருகே எல்லாரும் கூடிப் பேசினார்கள். பேச்சு நீண்டது. ஆமையார் தட்டுவதை இன்னும் கவனமாகத் தட்டுவதாகச் சொன்னார். அலைகள் சுமப்பதை விட்டுவிட்டால் நாங்கள் என்ன நீந்தியா போவது என்று வாத்துகள் கேட்டன. நீங்கள் வாத்துகள்தானே என்று ஒரு தவளை சொன்னதும் கொஞ்ச நேரம் கூச்சல். சுமந்தால் மறுபடியும் ஒரு கரை வற்றலாம், இரண்டு அலைகள் மோதலாம் என்றார் நாரை. கடைசியில் மொத்தியைக் கேட்டார்கள். "நடு ஏரியில வழி கண்டுபிடிச்சது இவதான். இவ சொல்றபடி நாங்க எல்லாரும் கேட்டுக்கறோம்" என்றான். அதில் கேலி இல்லை.

அப்போது ஏரியே அலம்பியிடம் கேட்டது.

"நீ என்ன செய்யப் போறே, கண்ணு? சுமந்தா உனக்கு எப்பவும் துணை இருக்கும். போற இடத்துல உன்னை எதிர்பார்த்து நிப்பாங்க. சுமக்கலேன்னா யாரையும் கூட்டிட்டுப் போக முடியாது. ஒவ்வொருத்தரையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்துட்டு, விட்டுட்டுப் போயிடணும்."

அலம்பி வெண்ணியைப் பார்த்து, வெறுங்கையோடு வந்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டாள்.

"இன்னைக்கு நீ கோரையைத் தொட்டதாலதானே அவங்க தலை நிமிர்ந்தாங்க" என்றாள் வெண்ணி. "எங்கேயோ ஒருத்தர் தண்ணியைத் தொட்டிருக்கார்னு நீ வந்து சொல்றே. அது போதும்."

பொட்டு கூட்டத்தை நெருக்கிக்கொண்டு முன்னால் வந்தான். காலையில் கரையில் இறக்கிவிட்டதிலிருந்து அவன் அவளுக்காகத்தான் காத்திருந்தான்.

"அப்போ நாளைக்கு என்னை யாரு கூட்டிட்டுப் போவா?"

அலம்பி அவனை ஒருமுறை மெல்லத் தூக்கி இறக்கினாள். இனி அலைகள் யாரையும் சுமப்பதில்லை என்றாள். அன்றிலிருந்துதான் அலை வரும்போது மிதப்பவை எழுகின்றன, தாழ்கின்றன, இருந்த இடத்திலேயே இருக்கின்றன.