பன்றிக்கறிக்குத் தணல் வந்த கதை

காட்டுப்பன்றிக்கும் மனிதனுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மலைச்சரிவில் ஓர் உடன்பாடு இருந்தது. மனிதர் பொறி வைப்பதில்லை. பன்றிகள் தினைக்காட்டுக்குள் இறங்குவதில்லை. கதிர் முற்றும் பருவத்தில் கிழப்பன்றி ஒன்று தானே வந்து படுக்கும். அதைச் சமைக்கலாம். ஆனால் ஊரில் ஒரு வாய்கூட விடுபடக் கூடாது.

அந்த ஆண்டு சமைக்கும் முறை மசணன் வீட்டுக்கு. வந்த பன்றிக்கு ஒரு கோரைப்பல் உடைந்திருந்தது.

"எல்லாரும் தின்பீங்களா?" என்று கேட்டது.

"தின்போம்," என்றான் மசணன்.

ஓடைக்கு அக்கரையில் இருந்த தம்பி வெள்ளனை அவன் எண்ணவில்லை. மசணன் தனக்கென்று காட்டுக்கொடி கட்டிக் குறித்து வைத்த மரத்தில் வெள்ளன் தேன் எடுத்துவிட்டான். கேட்டதற்கு, கொடி காய்ந்து கீழே கிடந்தது என்றான். அதிலிருந்து இருவரும் பேசுவதில்லை.

"வாசம் ஓடையைத் தாண்டுறதுக்குள்ள தின்னு முடிக்கணும். தீயை ஏத்து," என்று மனைவி கெம்பியிடம் சொன்னான்.

கெம்பி மிளகும் இஞ்சியும் காட்டுமஞ்சளும் அரைத்துத் துண்டங்களில் தடவி, பெரிய சட்டியில் போட்டு மூடி, விறகைத் திணித்தாள். தீ சட்டியின் கழுத்துவரை ஏறியது. திறந்து பார்த்தபோது துண்டங்களின் மேல்புறம் கருகியிருந்தது. குச்சியால் குத்தினாள். உள்ளே இறங்கவில்லை.

"வெந்துருச்சா?" என்றான் மசணன்.

"இல்ல," என்றது கறி.

வெட்டிய பிறகும் பன்றி சற்று நேரம் பேசும் என்பது எல்லோருக்கும் தெரியும். சட்டிக்குள்ளிருந்து பேசி யாரும் கேட்டதில்லை. தின்னக் காத்திருந்த ஊரார் இலைகளைத் தள்ளி வைத்தார்கள்.

கெம்பி சட்டியருகே குனிந்தாள். "இன்னும் எவ்வளவு நேரம்?"

"எல்லாரும் வர்ற வரைக்கும்."

மேட்டில் புதர்கள் அசைந்தன. பன்றிகள் வரிசையாக நின்று தினைக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. கதிர் இன்னும் அறுக்கவில்லை. அது போனால் மழைக்காலம் முழுக்கக் கிழங்குதான். கெம்பியின் இடுப்பில் கைக்குழந்தை.

"போய் உங்க தம்பியைக் கூப்பிடுங்க," என்றாள்.

"தேனை எடுத்தவன் வரட்டும்."

"அவரும் அங்க இதையேதான் சொல்லிட்டிருப்பாரு."

மசணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கெம்பி எரியும் விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். தணல் மட்டும் மிஞ்சியது. சட்டியை மூடாமல் விட்டாள். கொழுப்பு மெல்ல உருக, மிளகு வாசம் ஓடையின் மேல் படர்ந்தது.

வெயில் சாயும்போது அக்கரையில் வெள்ளன் தெரிந்தான். உட்கார்ந்தான். எழுந்தான். காலைக் கழுவினான். மறுபடியும் கழுவினான். பிறகு கறி வேகாத கதையை இக்கரையில் நின்றவர்களிடம் கேட்டறிந்து, நடு ஓடையில் நின்று கத்தினான்.

"அண்ணி, எங்கண்ணன் குணம் சட்டிக்கும் ஒட்டிக்கிச்சா? மேல கருகல், உள்ள பச்சை!"

யாரோ சிரித்துவிட்டார்கள். மசணன் சிரிக்கவில்லை. ஒரு துண்டை இலையில் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனான்.

"உப்புப் பாரு."

வெள்ளன் நெடுநேரம் மென்றான். "கொஞ்சம் குறைச்சல்."

"அப்ப வந்து போடு."

வெள்ளன் உப்பைத் தூவிவிட்டுத் தணலருகே உட்கார்ந்தான். கெம்பி மறுபடி குத்தினாள். குச்சி தடையில்லாமல் இறங்கியது. சட்டி எதுவும் சொல்லவில்லை. மேட்டில் பன்றிகளைக் காணவில்லை.

அந்த நாளிலிருந்துதான் மலையில் பன்றிக்கறியைத் தணலிலேயே வேகவைக்கிறார்கள். வீட்டாரோடு மனத்தாங்கல் உள்ளவர் வந்து உப்புப் பார்க்கிறார். எப்போது வேகும் என்று கேட்டால், சமைப்பவர் நிமிர்ந்து வழியைப் பார்ப்பார்.