முப்பது லிட்டர் கலவை

ஞாயிறு காலை பத்து மணிக்கு, தென்காசியில் ஒரு தேர்வுப் பயிற்சி மையத்தில், சேர வந்த எண்பது பேர் முன்னால் அதன் முதலாளி 'கணிதச் சிங்கம்' தெய்வசிகாமணி முழங்கிக்கொண்டிருந்தார். மையத்தின் விடுதிச் சமையல்காரி இசக்கியம்மாள் பத்தாவது தேறியவள். டீ கொடுத்தபடியே, குரூப் 4 வகுப்பில் தனக்கும் ஓர் இலவச இடம் கேட்டாள்.

சிங்கம் சிரித்தது. "பத்து எண்ணுறதுக்குள்ள இதுக்கு விடை சொல்லு, இடம் தர்றேன். முப்பது லிட்டர் கலவை. பாலும் தண்ணியும் ரெண்டுக்கு ஒண்ணு. சரிபாதியாக்க இன்னும் எவ்வளவு தண்ணி சேர்க்கணும்? ஒண்ணு... ரெண்டு..."

"பத்து லிட்டர் சார்."

"குருட்டாம்போக்கு! வழிமுறை?"

"இருபது பால், பத்து தண்ணி. இன்னொரு பத்து ஊத்துனா சரிக்குச் சரி."

"இந்த வேகத்த எங்கம்மா படிச்ச?"

"நம்ம விடுதியிலதான் சார். பால்காரர் பத்து லிட்டர் தண்ணி ஊத்திக் கொண்டாருதாரு. மிச்சப் பத்த தினமும் நீங்கதான ஊத்தச் சொல்லுதீய?"

எண்பது பேரும் கையிலிருந்த டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்கள். சிங்கம் அவசரமாகச் சேர்க்கைப் படிவத்தை எடுத்து, தன் கையாலேயே அவள் பெயரை எழுதியது.

குரூப் 4 தேர்வில் தேறி, 2019 செப்டம்பர் 11 அன்று, வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் இசக்கியம்மாள் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தாள்.