சத்தத்தை நிறுத்தியவர்

ஏகாம்பரத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. அவருக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொடுத்த நஸ்ரினுக்கு முப்பத்தொன்று. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் கடை. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். இருபத்திரண்டு வருடம் டிவி மெக்கானிக்காக இருந்தவர். படம் தெளிவாக விழுந்துவிட்டால் அவருக்கு வேலை முடிந்த மாதிரி.

ஒரு திங்கட்கிழமை நஸ்ரின் ஒரு பழைய கம்ப்யூட்டரை அவரிடம் கொடுத்தாள். யூஜின் என்பவருடையது. அவர் வீட்டு வீடியோ கேம் பெட்டி இடி விழுந்ததில் கருகிவிட்டது. அதில் இருந்த சண்டை விளையாட்டு இனி இந்தக் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். துபாயிலிருந்து வந்த தம்பி வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். அதற்குள் அண்ணனும் தம்பியும் ஆடியாக வேண்டுமாம். வியாழன் நான்கு மணிக்கு வருவார்கள்.

கம்ப்யூட்டரைக் கேம் பெட்டி போல நடிக்க வைக்கிற எமுலேட்டரை ஏகாம்பரம் ஏற்றிப் பார்த்தார். புராசஸர் பதினைந்து வருடப் பழசு. மூச்சுத் திணறியது. ஓங்கிய கை இறங்குவதற்குள் ஒரு வாய் டீ குடித்துவிடலாம்.

புது புராசஸர் போடலாமா என்று கேட்டார். பழகிய கம்ப்யூட்டர், எதையும் மாற்றவேண்டாம் என்று யூஜின் சொல்லியிருக்கிறார் என்றாள் நஸ்ரின். அப்படியானால் எதையாவது குறைத்தால்தான் ஓடும் என்றார்.

"குறைங்கண்ணா. எதைக் குறைக்கிறதுன்னு நீங்களே பாருங்க."

மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினார். நிழல்களை எடுத்தார். பின்னணியில் இருந்த கூட்டத்தை எடுத்தார். போதவில்லை. புதன் மாலை சத்தத்தை அடியோடு நிறுத்தினார். அவ்வளவுதான், படம் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது.

நஸ்ரினைக் கூப்பிட்டுக் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"படம் நல்லாயிருக்குண்ணா," என்றாள்.

வியாழன் நான்கு மணிக்குத் தம்பி முதலில் உள்ளே வந்தார். அவர் தோளில் கை வைத்தபடி யூஜின் வந்தார். இன்னொரு கையில் வெள்ளைக் கோல்.

ஏகாம்பரம் கோலைப் பார்த்தார், பிறகு ஊமையாகிக் கிடந்த ஸ்பீக்கரைப் பார்த்தார்.

யூஜின் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். பன்னிரண்டு வயதில் கண் போனது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் உண்டு, அதை வைத்தே இவனை முப்பது வருடமாக ஜெயிக்கிறேன் என்று சிரித்தார். விசைகளில் விரல்களை வைத்துத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

திரையில் இரண்டு வீரர்கள் பிசிறில்லாமல் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார் யூஜின்.

தம்பி திரையைப் பார்த்தார், பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

நஸ்ரின் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சத்தத்தைத் திறந்தாள். அது விக்கியது. படத்தின் வேகத்தைக் குறைத்தாள், பிறகு அளவைக் குறைத்தாள். சத்தம் இன்னும் விக்கியது. கடைசியில் படத்தையே நிறுத்தினாள். திரை கறுத்தது.

சத்தம் சீராக வந்தது. இடது ஸ்பீக்கரில் காலடி, வலதில் ஒரு உறுமல்.

யூஜினின் விரல்கள் பாய்ந்தன. எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று தம்பி முனகினார்.

"இப்பத்தாண்டா சரிசமம்," என்றார் யூஜின்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். மூன்று ஆட்டத்திலும் தோற்றார். மூன்றாவது முடிந்தபோது அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ஏகாம்பரத்துக்குத் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு ஏகாம்பரம் நஸ்ரினிடம் திரும்பினார்.

"அவருக்குக் கண் தெரியாதுன்னு திங்கக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"சொல்லியிருந்தா யூஜினுக்கு மட்டும் சரியா செஞ்சிருப்பீங்கண்ணா," என்றாள் நஸ்ரின். "இனிமே யார் எதைக் கொண்டுவந்தாலும் அவங்களுக்கு எது வேணும்னு கேட்டுட்டுத்தான் குறைப்பீங்க."