ஒன்பது படங்களின் வலப்பக்கம்

இக்கதையைக் கேட்பவர் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மூளையின் இரு பாதிகளும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. ஸ்கேன் படத்தில் எது வலம், எது இடம் என்பதை மூளை தானாகச் சொல்லாது. ஆகவே, படமெடுக்குமுன் நோயாளியின் வலது நெற்றிப்பொட்டில் மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றை ஒட்டிவிடுவார்கள். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி இருக்கும் பக்கம் வலம்.

மற்றொன்றும் உண்டு. எந்நாட்டு ஆய்வாளரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இத்தகைய படங்களை இணையத்தில் வைக்கும் பொதுத்தளங்கள் இருக்கின்றன. அங்கு ஏற்றுமுன், நோயாளியை எவரும் அடையாளம் காணாதபடி படத்திலிருந்து முகத்தை நீக்க வேண்டும். முகமுள்ள மூலப்படத்தை அழிக்கவும் வேண்டும். இக்கதை நடந்த ஆய்வகத்தில் விதி அது.

முகத்தை நீக்கும் மென்பொருளை நரம்பியல் மருத்துவர் சவரிராயன் தாமே எழுதினார். ஐம்பத்திரண்டு வயதில், நன்றாக நடந்துகொண்டிருந்த கிளினிக்கை மூடிவிட்டு, தம்மைவிடப் பதினான்கு வயது இளையவரான பேராசிரியை கோதைமொழியிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர் அவர். மென்பொருள் குறையின்றி வேலை செய்தது. முகத்தோடு மாத்திரையையும் நீக்கியது.

கைநடுக்க நோயுள்ள அறுபத்து நான்கு பேரின் படங்கள் தளத்தில் ஏறின. ஐம்பத்தைந்தில் பக்கக் குறிப்பு கோப்பிலேயே இருந்தது. பழைய இயந்திரத்தில் எடுத்த ஒன்பதில் இல்லை; மூலப்படங்களும் விதிப்படி அழிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குச் சவரிராயனே குறித்தார். கொரியாவிலிருந்து ஒரு மாணவி தளத்தில் கேட்டிருந்தார்: "இந்த ஒன்பதிலும் வலம் எது என்று எப்படி அறிந்தீர்கள்?"

கை எந்தப் பக்கம் நடுங்குகிறதோ, அதற்கு எதிர்ப்பக்க மூளையே முதலில் மெலிகிறது என்பது சவரிராயன் கண்ட முடிவு. ஒன்பதையும் விட்டால் அம்முடிவு நிற்காது. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

"என்ன பதில் எழுதட்டும், மேடம்?"

"எப்படிக் குறிச்சீங்களோ, அத எழுதுங்க."

"எப்படின்னா... எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமா மூளையத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

"அந்தப் பொண்ணு இருபத்தாறு வருஷமா உங்களப் பாக்கலையே, டாக்டர்."

"ஒன்பது பேரும் என் நோயாளிங்க, மேடம். யாருக்கு எந்தக் கை நடுங்குதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். இடது கை நடுங்கினா, மெலிஞ்ச பக்கம் வலது."

"அதுதானே நீங்க கண்டுபிடிச்சது?"

"ஆமா."

"முடிவ வச்சுப் பக்கத்தக் குறிச்சீங்க. பக்கத்த வச்சு முடிவக் கண்டீங்க. அப்புறம் ஸ்கேன் எதுக்கு? பாவம், அந்த இரைச்சல்ல நாப்பது நிமிஷம் அசையாமப் படுத்திருந்தாங்க."



கோதைமொழி இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தார். பிளாஸ்திரி கிழித்து, அதை அவரது நெற்றிப்பொட்டில் ஒட்டினார்.

"எந்தப் பக்கம்?"

"வலது."

உரித்தெடுத்து அவரிடமே நீட்டினார்.

"முழுங்குங்க."

"மேடம், இது என் வேர்வையில..."

"உங்க வேர்வைதானே?"

அவர் விழுங்கினார். தொண்டையில் மீன் வாடை எழுந்தது.

"இப்ப எந்தப் பக்கம்?"

"வலதுதான். ஒட்டின இடம் இன்னும் உறுத்துதே."

"உங்களுக்கு உறுத்துது. கொரியாவுல இருக்கறவளுக்கு?"

அவர் நெற்றிப்பொட்டைத் தடவிக்கொண்டார். குரல் சற்று உயர்ந்தது.

"தெரியாதுன்னு எழுதினா மூணு வருஷ உழைப்பு போச்சு. நான் பொய் சொல்றவன் இல்ல. என்ன நம்பக் கூடாதா?"

"நோயாளிங்க உங்கள நம்புறாங்க. நானும் நம்புறேன். அந்தத் தளம், உங்கள நம்ப வேண்டிய அவசியமே இல்லாதவங்களுக்கு."

சவரிராயன் கணினியைத் தம் பக்கம் இழுத்தார்.

பின்னர் நடந்தவை இவை. 'அறியேன்; ஊகித்துக் குறித்தேன்' என்னும் பதில் அன்று மாலையே தளத்தில் ஏறியது. வெள்ளிக்கிழமை ஆய்வேடு ஒப்படைக்கப்படவில்லை. மென்பொருளின் புதிய பதிப்பு, பக்கத்தைக் கோப்பில் எழுதிய பிறகே முகத்தைத் தொடுகிறது. ஒன்பது பேரும் மறுபடி படமெடுக்க அழைக்கப்பட்டனர். இருவர் அதற்குள் இறந்திருந்தனர். ஒருவர், அந்த இயந்திரத்துக்குள் இனி நுழைய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வந்த ஆறு பேரில் நால்வருக்குச் சவரிராயன் குறித்த பக்கமே சரி. இருவருக்கு மறுபக்கம்.