விளமீனுக்கு ஒரு பாடம்

தூத்துக்குடி மீன் மார்க்கெட்டுக்குக் கோமதிநாயகம் மாஸ்டர் வந்தது மீனுக்காக இல்லை. அவருடைய அறிவியல் டியூஷனில் பதினோரு பேர் இருந்தது மூன்றாகிவிட்டது. மீன் விற்கும் பிலோமியின் மகள் ரெஜினா பத்தாம் வகுப்பில் முதல் மார்க். அவள் சேர்ந்தால் தெருவே பின்னால் வரும். சேராவிட்டால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? வந்ததும் வராததுமாக ஒரு விளமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "வெளுத்துப் போச்சே, பழசு" என்று முகம் சுளித்துவிட்டார்.

அவர் டியூஷன் பேச்சை எடுத்ததும் பிலோமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என் மவளுக்கு அப்படி என்ன நடத்துவிய?"

"காலு வழுக்காம தரையில பிடிச்சு நிறுத்துது பாரு, அதாம்மா உராய்வு. அது இல்லேன்னா என்ன ஆவும்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். பெஞ்சோட அத்தன பிள்ளையளும் வழுக்கிட்டு ரோட்டுக்குப் போயிட்டு!"

"அதான் டியூஷன்ல ஆளு கொறைஞ்சு போச்சாக்கும்" என்றான் பக்கத்தில் நண்டு விற்கும் அந்தோணி.

மாஸ்டர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "ஓடுற பொருளு ஓடிட்டே இருக்கப் பாக்கும். அதுக்குப் பேரு நிலைமம். டவுன் பஸ்ல நின்னுகிட்டு இத விளக்குனேன். டிரைவர் பிரேக் போட்டாரு. பஸ் நின்னுட்டு, ஆளுவ நிக்கல. அடுத்த ஸ்டாப்புல போய்த்தான் நின்னாவ!"

"நீங்க?" என்றாள் பிலோமி.

"நானும்தான். பஸ் வர்ற வரைக்கும் அங்க காத்துக் கெடந்தேன்."

அந்தோணி தலையில் அடித்துக்கொண்டான். மாஸ்டருக்கு இன்னும் வேகம் வந்தது. "இலை வெயில வச்சுத் தனக்குத்தானே சாப்பாடு செய்யும்னு சொன்னேன். ஒரு பையன் மொட்டை மாடில போய் நின்னவன் மூணு நாளாச் சோறே கேக்கல. நாலாம் நாளு தலைமுடி பச்சையாயிட்டு. இப்பவும் ஆட்டக் கண்டா ஓடுதான்!"

பிலோமியின் முகத்தில் சிரிப்பே இல்லை. மாஸ்டர் இருந்ததிலேயே பெரிய வெடியைப் பற்ற வைத்தார்.

"தண்ணில கலந்திருக்க ஆக்சிஜன மீனு செவுள் வழியா எடுத்துக்கிடும். இத எங்க அடுப்படிப் பக்கம் நின்னு நடத்திட்டேன். சட்டியில கெடந்த மீனு மூச்சு விட ஆரம்பிச்சிட்டு! குழம்பு பூராக் குமிழி!"

"குழம்பு கொதிச்சிருக்கும்வே" என்றான் அந்தோணி.

"அடுப்பே பத்த வைக்கலவே!"

பிலோமி அந்த விளமீனை அவர் முன்னால் போட்டாள். "பழசுன்னு சொன்னியள்ல, இதுக்கு நடத்துங்க சார். வால ஆட்டட்டும், நாளைக்கே ரெஜினாவ அனுப்புதேன்."

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் மீனைப் பார்த்தார். மீன் மாஸ்டரைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அட்மிஷன் போடாத பிள்ளைக்கு நான் நடத்துறதில்லம்மா."

"அப்ப மொதல்ல இதச் சேத்துக்கிடுங்க" என்று மீனைத் தூக்கி அவர் பையில் போட்டாள் பிலோமி. "இது தேறட்டும், பொறவு என் மவள அனுப்புதேன்."