அடிகளைக் குளிப்பாட்டப் போனது

"இன்னிக்காவது குளிச்சுடுங்க சாமி. கால்ல வேணும்னாலும் விழறேன்" என்றார் அம்பலவாணன்.

அருளம்பல அடிகள் குளியலறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"நீங்க யாரு?" என்று கேட்டார்.

நரைத்துப்போன சீடரைப் பார்த்துக் குரு கேட்கிற கேள்வியா இது? மறதி நோய் வந்த பிறகு அடிகளுக்கு விடிந்தால் எல்லாரும் புது ஆட்கள்தான்.

அம்பலவாணனுக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அடிகளின் இடுப்பில் படுக்கைப்புண் வந்திருந்தது. கழுவிச் சுத்தமாக வைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அம்பலவாணனுக்குச் சோறு இறங்கவில்லை. அடிகளோ, குளிக்கக் கூப்பிட்டாலே அலறினார்.

கெஞ்சிப் பார்த்தார். வெந்நீர் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்காமல், கடைசியில் வேதாந்தம் பேசிப் பார்த்தார்.

"உடம்பே வெறும் சட்டைன்னு நீங்கதானே சாமி சொல்லிக் குடுத்தீங்க? அப்புறம் என்ன தயக்கம்?"

உடம்பையே பெரிதாக நினைக்காதவருக்கு வெட்கம் எங்கிருந்து வரப்போகிறது என்று அவர் மனதார நம்பினார். இத்தனை வருஷம் பாடம் கேட்டதன் பலன் அது.

அடிகள் வேட்டி முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அம்பலவாணன் மடத்துச் சமையல்கட்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அம்பலவாணன் கண்ணை மூடிக்கொண்டு குருவின் காவி வேட்டியை உருவினார்.

அடிகள் கத்தினார், திமிறினார். ஒரு கை பிடியிலிருந்து நழுவி, எதிரில் அகப்பட்டதைப் பற்றி இழுத்தது.

அகப்பட்டது அம்பலவாணனின் வேட்டி.

செம்பு உருண்டு ஓடியது. அம்பலவாணன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். வந்த இருவரும் அடிகளை விட்டுவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

அலறல் நின்றுபோயிருந்தது. அம்பலவாணன் தலையைத் தூக்கவில்லை.

அடிகள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த துண்டை எடுத்துவந்து, சீடரின் மடியை மூடினார். தன் இடுப்பில் ஒன்றுமில்லை என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார்:

"கூச்சமா இருக்கா? பயப்படாதீங்க. இவங்கள வெளிய போகச் சொல்றேன்."